என் மனைவிக்குப் பூஜ்யம் போட்ட விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள், ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு பையோடு அங்கே வந்து சேர்ந்திருப்பாள். வந்த காரணத்தையும் சொல்லியிருப்பாள். அது ஒரு தரப்பு. மறுதரப்பை எழுத்தில் வைக்க வேண்டியது என் கடமை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீங்கள் "சரி சரி, விடுங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிடுவீர்கள்.

விஷயம் என் இடது முழங்கையில் ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, சொறிந்த இடத்தில் புண், புண்ணின் நடுவே ஒரு நூல். முடி இல்லை மச்சான், நூல், அதுவும் நீல நிறத்தில். முப்பத்தொரு வருடம் நூல் ஆலையில் தரம் பிரிக்கும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டியே இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லிவிடுவேன். இந்த நூலை லென்ஸில் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் எந்த ரகத்திலும் சேரவில்லை. ஒரு தீப்பெட்டியில் போட்டுத் தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் தீப்பெட்டியைத் திறக்காமலே, "சட்டையிலேர்ந்து ஒட்டியிருக்கும் சார்" என்றார். எந்தச் சட்டை என்று கேட்டேன். தோலுக்குள் நூல் விளையாது, அப்படி ஒரு நோய் புத்தகத்திலேயே கிடையாது, மனதைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புங்கள் என்றார். நூலைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாரே என்ற கோபத்தில் மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் என்னைப் போல் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். 'நூல் நோய்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் செயலாளர். நோய் உண்டா இல்லையா என்று டாக்டர்கள் அடித்துக்கொள்ளட்டும், யாருக்கு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று நிலை பிரித்து எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது அவர் கட்சி. தரம் பிரித்துப் பழக்கமுள்ளவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஓய்வு பெற்ற இந்த நான்கு வருடத்தில் என் பக்கம் யாரும் அப்படித் திரும்பியதில்லை மச்சான். அன்று மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து கட்டம் போட்டேன். அரிப்பு மட்டும் இருந்து நூல் வராவிட்டால் பூஜ்யம். நாளைக்கு மூன்று நூல் வரை முதல் நிலை, அதற்கு மேல் போனால் இரண்டு, புண்ணும் சேர்ந்தால் மூன்று, நூல் நிறத்தோடு வந்தால் நான்கு. நீல நூல்காரன் என்பதால் என்னை நான்கில் போட்டுக்கொண்டேன். அங்கேதான் சண்டை வந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் இரண்டாம் நிலையில் விழுந்தார். "பதினாறு வருஷமா சொறியறேன். நேத்து வந்தவர் நாலு, நான் ரெண்டா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு ஒரு டப்பா நிறைய நிற நூலோடு வந்தார். லென்ஸை வைத்த உடனே தெரிந்துவிட்டது, அத்தனையும் அவருடைய காக்கிச் சட்டை. சொன்னேன். "டாக்டர் உங்ககிட்ட சொன்னதைத்தானே நீங்க எங்கிட்ட சொல்றீங்க?" என்றார். அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

டைப்ரைட்டிங் டீச்சர் ஒருவர் இருந்தார். சொறிவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று வகுப்பையே விட்டவர். தன் தங்கை குழந்தையைக்கூட ஒரு வருடமாகத் தூக்குவதில்லையாம். ஆனால் அவருக்கு நூல் வரவில்லை, என் தாளில் நூலுக்குத்தான் கட்டம் இருந்தது. பூஜ்யம் என்றேன். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்களும் சொல்றீங்க" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

இனி நம் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். தாள் சரிதானா என்று போட்டுப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. உங்கள் தங்கை பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, "எனக்கும்தான் போடுங்களேன், நாலு வருஷமா அரிக்குது" என்று இரண்டு கையையும் நீட்டினாள். விரலெல்லாம் சிவந்து, இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. லென்ஸில் பார்த்தேன். நூல் இல்லை. இது வெறும் சோப்பு, பூஜ்யம் என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா, விதிப்படி கையெழுத்தும் வாங்கினேன். வெடித்த விரலால் பேனாவைப் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அதன்பின் சமையலும் பாத்திரமும் என் தலையில் விழுந்தன. ஐந்தாம் நாள் என் விரலிடுக்கில் தோல் வெடித்தது. உப்பு பட்டால் உச்சந்தலை வரை எரிகிறது, சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. நூல் ஒன்றுகூட வரவில்லை. என் அளவுகோலின்படி அந்தக் கையில் நோயே கிடையாது. அந்தக் கையையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. தீப்பெட்டியைத் திறந்து, நூலை ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "இது வெளியிலேர்ந்து ஒட்டினதுன்னுதான் நான் நினைக்கிறேன். நீங்க ஒத்துக்க வேண்டாம். ஆனா அரிப்பு பொய்யில்ல" என்றார். பிறகு கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி, எந்த வேலையை நிறுத்தினீர்கள், யார் வீட்டுக்குப் போவதை விட்டீர்கள், யாரைத் தொடப் பயப்படுகிறீர்கள். எத்தனை நூல் என்று கேட்கவே இல்லை. களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். முழங்கை பாதி அடங்கிவிட்டது. நூல் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

அந்தக் கேள்விகளை வைத்துத் தாளைத் திருப்பிப் போட்டேன். நான் இரண்டாம் நிலைக்கு இறங்கினேன். கண்டக்டர் மூன்றுக்கு ஏறினார். டீச்சர் நான்கு. அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, டாக்டரம்மா இருக்கும் நாட்களை எழுதிக் கொடுத்தேன். வாசலில் நிற்கவைத்தே முழுதும் கேட்டார், பிறகு உள்ளே கூப்பிட்டார். உங்கள் தங்கைக்கு வந்தபோதுதான் பேனா நின்றுவிட்டது. எந்த வேலையை நிறுத்தினாய் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. அந்தக் கையோடு நான்கு வருடம் எதையும் நிறுத்தவில்லை அவள். அதற்கு என்ன நிலை என்று எனக்குத் தெரியவில்லை மச்சான்.

ஆகவே, தவறு முழுவதும் என்னுடையது. பூஜ்யம் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் நல்லவிதமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும். வந்தபின் பாத்திரம் என் பொறுப்பு, கையுறை வாங்கிவிட்டேன்.

உங்கள் மனைவியான தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் முழங்கால் வலி படியேற இடம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கையே வந்து நிற்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கடிதம் முழுவதையும் படித்தாள். அவள் கோபித்துக்கொண்டு போகவே இல்லையாம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷனாம், ஒத்தாசைக்குப் போனாளாம். "மூணு தடவை சொன்னேன். லென்ஸ்லேர்ந்து தலையை எடுக்காமலே 'உம்' போட்டீங்க" என்கிறாள். தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறது? தயவுசெய்து எழுதுங்கள். அங்கே கண் ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த களிம்பில் இவள் கையும் தேறியிருக்கிறது. ஆக, மேலே உள்ள நான்கு பக்கத்துக்கும் வேலையில்லை. கிழித்துவிடலாம் என்றேன், விடமாட்டேன் என்கிறாள். தவறு என்னுடையது என்று என் கையெழுத்தில் அவள் பார்ப்பது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவையாம். அது அண்ணன் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்கிறாள்.