சாயாவுக்குப் பிறகு தீர்ப்பு

எதையும் கேட்டவுடன் பதில் சொல்ல எனக்கு வராது. ஓட்டலில் தோசையா இட்லியா என்றால்கூடப் பக்கத்து இலையைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். இந்தக் குணம் ஊரறிய அம்பலமானது ஓர் ஓண விடுமுறையில், திருவனந்தபுரத்தில், ஒரு தர்ம கிரிக்கெட் ஆட்டத்தில்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் சேர்த்து ஒரே ராஜ்யமாக்கியிருந்த காலம் அது. நான் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தற்காலிக நகல் எழுத்தர். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று நாகர்கோவிலில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிரந்தரமாக வேண்டுமானால் மாஜிஸ்திரேட் என்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும். அதை வேண்டி நான் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்களில் ஒரு கல்யாணத்துக்கே அவியல் வைத்திருக்கலாம். (அந்தக் கல்யாணம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதலே.)

மாஜிஸ்திரேட் தங்கமான மனிதர். ஒரே குறை, வாய்தா. எந்த வழக்கு வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இன்னொரு நாள் பாப்போம்" என்பார். ஆட்டைத் திருடியதாகப் பிடிபட்டவன் வாய்தாவுக்கு வந்து வந்து, கடைசியில் சாட்சிகளோடு சிநேகமாகிவிட்டான். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி எழுதி என் பேனா அந்த வார்த்தையை நான் சொல்லாமலே எழுதப் பழகியிருந்தது.

காசநோய் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ஒரு ரேடியோ வாங்கித் தருவதற்காக, கோர்ட்டார் ஒரு பக்கமும் வக்கீல்கள் ஒரு பக்கமுமாக ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஆட்ட விதிகளை மூன்று பிரதி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று தடவை எழுதியவனுக்கு விதி தெரியாமலா இருக்கும் என்று என்னையே அம்பயராக்கிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அந்த நீளமான வெள்ளைக் கோட்டின் மீது எனக்கு ஆசை.

விடுமுறையானதால் ஊரே மைதானத்துக்கு வந்திருந்தது. அதில் பாதிப் பேர் எங்கள் கோர்ட்டில் வழக்குள்ளவர்கள். கோர்ட்டார் பக்கம் முதலில் மட்டை பிடித்தவர் மாஜிஸ்திரேட். பந்து போட்டவர் குருவிளா வக்கீல். முதல் பந்தே மாஜிஸ்திரேட்டின் காலில், நடு ஸ்டம்புக்கு நேராகப் பட்டது. ஸ்டம்புக்கு வரும் பந்தைக் காலால் மறித்தால் அவுட். எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

வக்கீல்கள் பதினோரு பேரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். மாஜிஸ்திரேட்டும் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் தெரியவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விரல் பாதி எழும்பியது. பிறகு அது தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று. கழற்றித் துடைத்தேன். இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்றேன். குருவிளா வக்கீல் விரிவாக வாதாடினார். மாஜிஸ்திரேட் தனக்குச் சொல்ல எதுவுமில்லை என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தீர்ப்பு சாயாவுக்குப் பிறகு."

குருவிளா வக்கீல் வழக்கம்போலத் தலை வணங்கித் திரும்பி நடந்தார். நாலடி போன பிறகுதான் தான் நிற்பது கோர்ட்டில் இல்லை என்று அவருக்கு உறைத்தது. ஓடி வந்து சண்டை பிடித்தார். விதிப் பிரதியை எடுத்துப் பார்த்தார்கள். அம்பயரின் தீர்ப்பே முடிவானது என்று என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது. அதை எப்போது சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. வக்கீல்களாயிற்றே, எழுதாததை வைத்து வாதாட அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. பத்து ரன்னைக் கண்ணால் கண்டறியாத மாஜிஸ்திரேட், அன்றைக்கு வீசின பந்தையெல்லாம் விளாசினார். முப்பத்தேழு ரன். ஸ்கோர் எழுதுகிறவர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினார். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் கைதட்டியது, தட்டி முடித்ததும் என்னைப் பார்த்து, "விதி எப்போழா சாரே?" என்று, தீர்ப்பு எப்போது என மலையாளத்தில் கேட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய வாய்தாவை எழுதியிருக்கிறேன். நடுவெயிலில் நின்று அதை அனுபவித்தது அன்றுதான். உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருந்தது.

தேநீர் இடைவேளைக்குச் சாயா வந்தது. நான் ஒரு தம்ளரை அரைமணி நேரமாக ஆற்றிக்கொண்டிருந்தேன். மாஜிஸ்திரேட் வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாதேவன் பிள்ளை, அவுட்னா அவுட்னு சொல்லும். இல்லேன்னா இல்லேன்னு சொல்லும். அடிச்ச ரன்னு நம்மளதா இல்லையான்னு தெரியாம ஓடறது மகா அவஸ்தை ஓய்."

"ஸார், எனக்க வேல..." என்று இழுத்தேன்.

"அது நாளைக்கு. இது இப்போ."

எழுந்து மைதானத்தின் நடுவில் போய் நின்று விரலைத் தூக்கினேன். முதல் பந்திலேயே அவுட் என்றும், தீர்ப்பு அந்தப் பந்திலிருந்தே அமலுக்கு வருகிறது என்றும் அறிவித்தேன். ஸ்கோர் எழுதுகிறவர் முப்பத்தேழு ரன்னையும் ரப்பரால் அழித்தார். மாஜிஸ்திரேட் அவர் அருகில் நின்று, கடைசி ரன் அழியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டார் தோற்றோம். ரேடியோ மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டுத் திருடன் வழக்கிலும் அடுத்த வாரமே தீர்ப்பு வந்தது. (விடுதலை. சாட்சிகளே அவனைச் சாயா குடிக்க அழைத்துப் போனார்கள்.)

என்னைப் பற்றி மாஜிஸ்திரேட் எழுதிய அறிக்கையும் வந்தது. இரண்டே வரி. 'நகல் எடுப்பதில் இவருக்கு நிகரில்லை, நிரந்தரமாக்கலாம். தீர்மானம் எடுக்க வேண்டிய எந்த வேலையையும் எந்தக் காலத்திலும் இவருக்குத் தரக்கூடாது.'

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி நாகர்கோவிலுக்குப் போனேன். பெண்ணின் அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"மக்ளே, தீர்மானம் எடுக்கப்பிடாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. ஒனக்கு இதவிட நல்ல மாப்ள கிட்டுவானா?"

உத்தியோகத்தில் ஓய்வு பெறும்வரை நான் நகல் பிரிவைத் தாண்டவில்லை. வீட்டிலும் அந்த அறிக்கைப்படியேதான் காரியங்கள் நடந்துவருகின்றன. இதையெல்லாம் எழுதலாமா என்று நேற்று மனைவியிடம் கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"சாயா குடிச்சிட்டுச் சொல்லுகேன்" என்றாள்.