சுருட்டு அண்ணாச்சி காட்டிய சூடு

உலகத்தில் இருக்கிற அத்தனை வியாதிக்கும் ஒரே காரணம்தான் என்று கண்டுபிடித்தவர் எங்கள் சுருட்டு அண்ணாச்சி. அந்தக் காரணம் குளிர். மூட்டுவலிக்கும் குளிர், அஜீரணத்துக்கும் குளிர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், "ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள குளிரு ஏறிக் கெடக்கு" என்பார். ஒரு நாள் செல்போனில் டவர் கிடைக்காமல் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டு நான் தவித்தபோது, போனை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "செத்த சூடு ஏறட்டும் சாரே." திருப்பிக் கொடுத்தபோது ஒரு கோடு டவர் வந்திருந்தது. இதை நான் வேண்டாவெறுப்பாகத்தான் எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், இடுக்கி மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் உதவி டீ மேக்கர், இலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான சின்ன அதிகாரி. அவர் டிரையர் ஆப்பரேட்டர். இலை காய்கிற அந்தச் சூட்டு மெஷின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். வெளியே வந்தால் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா. ஆள் எங்கே முடிகிறார், கம்பளி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. சுருட்டு என்ற பட்டம் வேறு வழியாக வந்தது.

அவர் மகள் மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். அங்கே மிசோரத்துப் பெண் ஒருத்தி சீன வைத்தியம் பார்த்தாள். காய்ந்த இலையைப் பஞ்சாக்கி, கட்டைவிரல் தடிமனுக்குக் காகிதத்தில் சுருட்டி, நுனியைக் கொளுத்தி, வலிக்கிற இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே பிடிப்பாள். மோக்ஸா என்று பெயர். மகளுக்காக ஒரு நாள் அண்ணாச்சியின் மூட்டுக்கும் பிடித்தாள். அண்ணாச்சி மூட்டை மறந்துவிட்டுப் புகையை மோந்தார்.

"ஏம்மா, இது நம்ம ஃபேக்டரி வேலியோரம் மொளைச்சுக் கெடக்குற மாசிபத்திரில்லா!"

அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவள் பாஷை தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். அதற்குள் அண்ணாச்சி தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் தேயிலைக்காரர் அல்லவா? மாசிபத்திரியையும் தேயிலை மாதிரியே பக்குவம் செய்தார். வாட்டினார், கசக்கினார், காயவைத்தார், சலித்தார். அதோடு விட்டாரா? தரம் வேறு பிரித்தார். பஞ்சு மாதிரி வந்தது, உசத்தித் தேயிலைக்குச் சொல்கிற பி.ஓ.பி.; அடியில் விழுந்த தூள் டஸ்ட். யூனியன் தலைவருக்கு டஸ்டைக் கொளுத்தினால் கோபித்துக்கொள்வார் என்று தனியாக ஒரு டப்பாவில் பி.ஓ.பி. வைத்திருந்தார். சுருட்டுவதற்கு, ஆபீசில் கழித்துப் போட்ட பழைய ஆஜர் பட்டியல் காகிதம்.

"முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கடை. எம் விரல்ல இல்ல, உம்ம விரல்ல அளக்கணும் வே. உம்ம காலு உம்ம விரலுக்குத்தான் கட்டுப்படும்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

சில நாள் சுருட்டு அணைந்து அணைந்து போகும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படிப்பார். "மாரியப்பன் பேரு வந்திருக்கு. போன வருசம் பூரா ஆப்சென்ட்டு. அவன் எப்படி ஒழுங்கா எரிவான்?"

வலி போனதா என்று கேட்காதீர்கள், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. சூடு சுகமாக இருந்தது. அவர் பேச்சு அதைவிடச் சுகமாக இருந்தது.

இத்தனை செய்தவர், ஃபேக்டரிக்குள் மட்டும் ஒரு தீக்குச்சி உரசியதில்லை. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே பூ, பவுடர், ஊதுபத்தி எதுவும் கூடாது. பவுடர் பூசி வந்த சூப்பர்வைசரைக் குழாயடிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்தவர் அண்ணாச்சி. வைத்தியமெல்லாம் கேட்டுக்கு வெளியே, யூகலிப்டஸ் மரத்தடியில்தான்.

அந்த ஆனி மாதம் அடைமழை. இலை மலையாகக் குவிந்து கிடந்தது. சாக்கு கட்டுகிற அறையில் குனிந்த நான் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மிதிபட்ட தவளை மாதிரி தரையில் கிடந்தேன். கேட் வரை போக வழியே இல்லை.

"அண்ணாச்சி, இங்கேயே கொளுத்துங்க."

"முடியாது சாரே. தேயிலைக்கு மூக்கு உண்டு."

"பத்தே நிமிஷம் அண்ணாச்சி. செத்துப் போயிருவேன்."

நான் நிஜமாகவே அழுதேன். அவர் என்னையும் சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சுருட்டை எடுத்தார். பி.ஓ.பி. டப்பாவிலிருந்து எடுத்தார் என்பதைக் குப்புறக் கிடந்தபடியே கவனித்தேன்.

கொஞ்ச நாளில் கொச்சியில் டீ ருசி பார்ப்பவரிடமிருந்து தாள் வந்தது. 'புகை வாசம், மருந்து வாசம்.' அந்தச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. மானேஜரை நாங்கள் இன்றும் துரை என்றுதான் சொல்வோம். துரை சின்ன வயது மலையாளி. விசாரணை வைத்தார். விசாரணையைத் தாளில் எழுதுகிற வேலை எனக்கு.

"சத்தியம் பறயணும் அண்ணாச்சி. ஆருக்கு கொளுத்தினே?"

வேலை போகும் என்பது எனக்குத் தெரியும், என் வேலை. உதவி டீ மேக்கரே விதியை மீறினால் மன்னிப்பு கிடையாது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி நாலு மாதம். அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத்தான் தொரே. முட்டி வலி தாங்கல."

'தனக்குத்தானே கொளுத்திக்கொண்டார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

தண்டனை, ஆறு மாதம் ஃபீல்டில் களை எடுப்பது. குளிர்தான் எமன் என்று நம்பிய மனுஷனை, டிரையர் பக்கத்திலிருந்து பிடுங்கி மழையில் நிறுத்தினார்கள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

தூரத்திலிருந்தே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அண்ணாச்சி நிற்க, கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காலெல்லாம் அட்டை. சுருட்டு நுனியைக் கிட்டே காட்டினால் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தது.

"அட்டைக்கும் குளிருதான் சாரே. சூட்டைக் காட்டினா வழிக்கு வந்துரும். இடுப்பு எப்படி இருக்கு?"

"அண்ணாச்சி, நான் துரைகிட்ட சொல்லிடறேன்."

"பேசாம இரியும்! நீரே எழுதின தாளு பொய்யாப் போயிருமே. எனக்கென்ன, இங்க பாரும், மாசிபத்திரி காடாக் கெடக்கு." அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். "பி.ஓ.பி. மழைக்காலத்துக்கு வச்சுக்கிடும்."

ஆறு மாதமும் முடித்துத்தான் டிரையருக்குத் திரும்பினார். இப்போது ஓய்வு பெற்று, கீழே போடியில் மகன் வீட்டில் இருக்கிறார். "இங்க வெயில்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் வர மாட்டேங்கு சாரே, எனக்குப் பொழுதே போகல" என்று புலம்புகிறார். ஆனி மழை பிடித்தால் போன் வரும். போன வாரமும் வந்தது. முதல் கேள்வி, என் இடுப்பு எப்படி இருக்கிறது என்பதுதான். கட்டாயம் அந்த போனைக் கக்கத்தில் சூடாக்கிவிட்டுத்தான் பேசியிருப்பார்.

துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஆபீஸ் கிளார்க் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறார். அவர் படித்துச் சொல்லட்டும்: அந்தத் தாளில் நான் எழுதியது பொய். அன்று சாக்கு அறையில் குப்புறக் கிடந்தது நான். என்னை ஃபீல்டுக்கு அனுப்பினாலும் போகிறேன். அட்டைக்குக் காட்ட, அண்ணாச்சி அன்று கொடுத்த சுருட்டு வீட்டில் இருக்கிறது. இத்தனை மழைக்காலம் போயும் அதைக் கொளுத்த எனக்கு மனசு வரவில்லை.