கேஸ் எடுக்கும் சிஸ்டர்

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்காரர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்; அதை வெளியே சொல்லவும் தெரியாதவர். அந்தப் பக்கமாய் வந்த நர்ஸ் வானதி நின்றாள். "கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா மாமா? எனக்கும் இதே மறதிதான்" என்று சீட்டை வாங்கி, தனக்குத்தானே சரிபார்ப்பது போல மூன்று தடவை உரக்கப் படித்துவிட்டுப் போனாள். அவருக்குக் கண்ணாடியே கிடையாது என்பது எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் வானதிக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்டவளைக் கேலி செய்யலாமா என்று கேட்பீர்கள். சுவாமி மன்னிப்பார். ஏனென்றால், அதற்கப்புறம் அவள் மேல்படிப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் வேறு இனம். 'கேஸ் எடுப்பவர்', அதாவது ஆளைக் கண்டால் விசாரித்துச் சோதிப்பவர் என்ற இனம். உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு இரண்டு வருஷப் படிப்பு. நர்ஸ் வேலை பார்த்து அனுபவப்பட்டவர்கள்தான் சேரலாம். முடித்துவிட்டால், டாக்டர் வந்து சேரும்வரை காத்திருக்காமல், நோயாளியைத் தாங்களே சோதித்து உடனே ஆக வேண்டியதைச் செய்யலாமாம். அதற்கான மனுவில் ஒரு கேள்வி: ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்? முந்நூறு வார்த்தைக்குள் எழுதுக.

விடுமா தெரு? ஆளுக்கொரு காரணம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "புருஷன் சமைக்கக் கத்துக்கட்டும்னு எழுது" என்றாள் எதிர்வீட்டுக் காளியம்மாள். புருஷன் மதிவாணன் குத்தகை நிலத்தில் குறுவை நட்டுவிட்டு, காலில் சேறோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். "ஊசிதான் நல்லாப் போடுறியே, இன்னும் என்னடி படிப்பு?" என்றான்.

வானதி பேனாவைக் கீழே வைத்தாள். "டாக்டர் மாடிலேர்ந்து இறங்கி வரப் பத்து நிமிஷம் ஆவுதுங்க. அந்தப் பத்து நிமிஷம் கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னே ரெண்டு பேரை விட்டுட்டேன். இனிமே நிக்க மாட்டேன்."



"சரி, அதையே எழுது" என்றான் மதிவாணன். "முந்நூறு வராட்டி எழுத்தைப் பெருசா போட்டுக்க."

இடம் கிடைத்தது, இருந்த வேலையை விட்டாள், எங்களுக்குப் பிடித்தது சனி.

கேஸ் எடுப்பவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? நீங்கள் அரிசி விலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் திடீரென்று மௌனமாகி உங்கள் நெஞ்சைப் பார்ப்பார். தப்பாக நினைக்காதீர்கள், மூச்சை எண்ணுகிறார். சொல்லிவிட்டு எண்ணினால் நீங்கள் வேறு மாதிரி மூச்சு விட்டுவிடுவீர்களாம். கோயிலில் சுவாமியைப் பார்க்க நீங்கள் கையைக் குவித்தால் அவர் உங்கள் நகத்தைப் பார்ப்பார். கீழே விழுந்து கும்பிட்டால் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று காத்திருப்பார். எழுந்திருக்கவும் விடமாட்டார். தீபாராதனை முடிந்துவிடும்.

அவள் நோட்டில் இத்தனை பேரைச் சோதித்தேன் என்று எழுதிக் கல்லூரியில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சோதித்தது மட்டும்தான் கணக்கில் சேரும். எங்களைச் சோதித்ததெல்லாம் வெறும் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கத்திலும் ஒரு தொந்தரவு. "எப்போலேர்ந்து வலி?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் எவன் தேதி சொல்கிறான்? "ஆத்துல தண்ணி தொறந்து விட்டதிலேர்ந்து" என்பான். அதை அப்படியே நோட்டில் எழுதிப் பழகியவள், கல்லூரி நோட்டிலும் எழுதிவிட்டாள். சென்னையிலிருந்து வந்த வாத்தியார் கேட்டாராம்: "யார் திறந்தது?"

கடைசிப் பரீட்சை வந்தது. ஒரு நோயாளி, முக்கால் மணி நேரம். விசாரித்து, சோதித்து, என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். தோற்றால் இன்னும் ஆறு மாதம். வெளியூர் ஆஸ்பத்திரியில் அவளுக்காகக் காத்திருந்த வேலையும் போய்விடும். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டோம். மற்ற வீடுகளில், அவள் தேறினாலாவது நம் கணுக்காலை விடுவாள் என்று நேர்ந்துகொண்டார்கள்.

வாய்த்த நோயாளி கோவிந்தராசு, ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி. முகமும் காலும் வீங்கியிருந்தன.

"என்னங்கய்யா செய்யுது?"

"ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்கேன். நீ எந்த ஊரு பாப்பா?"

"குத்தாலம் பக்கம். வீக்கம் எத்தனை நாளா…"

"பொறந்த ஊரா, புகுந்த ஊரா?"

"புகுந்த ஊரு. பொறந்தது உங்க ஒரத்தநாட்டுப் பக்கந்தான்."

"யாரு மக?"

"பஞ்சநதம் மகங்க."

"மில்லு பஞ்சநதமா! அட, அவன் எனக்கு மச்சானாவுதே! அப்ப நீ எனக்கு மருமக முறைல்ல!" என்று சந்தோஷமாக எழுந்து உட்கார்ந்தார்.

பதினைந்து நிமிஷம் போயிற்று. வானதிக்கு வேர்த்தது. "ஒண்ணுக்கு ஒழுங்காப் போவுதா மாமா?"

கோவிந்தராசு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "மருமககிட்டப் பேசுற பேச்சா அது? வேற யாரையாவது வரச் சொல்லும்மா."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பரீட்சை வைக்க வந்த பெரிய டாக்டர் ஹரிஹரசுப்ரமணியன் கடிகாரத்தைப் பார்த்தபடி கால்மாட்டில் நிற்கிறார். வானதி எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு எந்த ஊரு?"

"பாப்பாநாடு."

"எங்கம்மா செவ்வந்திக்கும் பாப்பாநாடுதான்! அப்ப ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி முறை. அந்த வழில நீங்க எனக்குச் சித்தப்பா!"

அம்மா பாப்பாநாட்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கி மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள், அவ்வளவுதான். இதைச் சொன்னால் கேஸ் எடுக்க முடியுமா?

"அம்மா வழியா? அப்ப அதுதான் கிட்டம்" என்று தீர்ப்புச் சொன்னார் கோவிந்தராசு. போர்வை இறங்கியது. "மகளே, அந்த டாக்டரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

அப்புறம் எல்லாம் கொட்டியது. நான்கு நாளாய் ஒன்றுக்குப் போவது குறைந்துவிட்டது. முட்டிவலிக்குத் தானாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, ஒரு மாதமாக வேளைக்கு இரண்டாய், பெண்டாட்டிக்குத் தெரியாமல் வேட்டி மடிப்பில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். வார்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று காலையிலும் இரண்டு போட்டிருந்தார்!

வானதி வேட்டி மடிப்பிலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கினாள். "சார், மாத்திரையால சிறுநீரகம் அடிபட்டிருக்கு. மொதல்ல இதை நிறுத்தணும்" என்றாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேஸ் எடுக்கச் சொன்னா, சம்பந்தம் பேசுறியேன்னு நினைச்சேம்மா" என்றார். தேறிவிட்டாள். கோவிந்தராசும் தேறி, பதினோராம் நாள் வீட்டுக்குப் போனார்.

பரீட்சை முடிந்தும் வானதியின் பார்வை மட்டும் மாறவில்லை. இந்த இனத்துக்கு நர்ஸ் வேலைதான் வேண்டும் என்பதில்லை, வாசகர்களே. தாலுகா ஆபீசில் காரியம் ஆக வேண்டுமென்றால் மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டு, பெரியப்பா முறை கண்டுபிடித்தவர் நம்மில் யார் இல்லை? போன வாரம் ஒருவரை "உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்தீர்களே, அது உடம்புக்காகவா? யோசித்துப் பாருங்கள். யோசிக்கும்போது மூச்சு எத்தனை விடுகிறீர்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர அவள் கிளம்பிய அன்று, குத்தாலம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் மடியில் பாத்திரக்கடைப் பை ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"காதுகுத்து அக்கா, ஒரத்தநாட்டுச் சித்தப்பாவோட பேத்திக்கு. எங்கம்மா அவரு வீட்டுச் சின்னம்மாகூட ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சதாம். நான் போவாம இருக்க முடியுமா? அங்க எறங்கி, நாளைக்கு விசேஷத்தை முடிச்சுட்டுத்தான் வேலைக்கே போறேன். அந்த மனுசன் திரும்ப மாத்திரை தின்னுறாரான்னும் பாக்கணும்!"