துடைத்துத் துடைத்துக் கெடுத்த கம்ப்யூட்டர்

பத்தாவதோடு நின்றவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன்.

செல்போனில் நெட் வராத காலம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். எதிரிலேயே, என்னோடு படித்த செல்வமும் ஒன்று வைத்திருந்தான். அதே கம்ப்யூட்டர், அதே டெலிபோன் லைன். ஆனால் அவன் கடையில் படமெல்லாம் பொசுக்கென்று வரும். என் கடையில் நெற்றி வந்து மூக்கு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவன் கடை வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தினமும் எண்ணுவேன். (என் வாசலில் பெரும்பாலும் என் செருப்புதான்.)

அதற்கு முன் நான் ஹோட்டலில் சர்வர். ஒருவர் எழுந்ததும் மேஜையைத் துடைத்தால்தான் அடுத்தவர் உட்காருவார். அதே பழக்கத்தில், ஒவ்வொரு ஆள் எழுந்ததும் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த ஃபைல்களையெல்லாம் அழித்துவிடுவேன். சுத்தம்!

பிளஸ் டூ ரிசல்ட் அன்று செட்டிகுளத்திலிருந்து அக்காவும் அவள் மகள் தேன்மொழியும் வந்தார்கள். மாமா கடையில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து வந்த பிள்ளை. ஊரே பார்க்க அவள் மார்க்கை நான்தான் சொல்ல வேண்டும் என்று நானும் இருந்தேன். அவளுக்கு முன்னால் பத்துப் பேர். ரிசல்ட் பக்கத்தில் பெரிய கோபுரப் படம், சுற்றிக்கொண்டேயிருக்கும் மணிப் படம் ஒன்று. ஒவ்வொருவருக்கும் அது முதலிலிருந்து இறங்கியது. ஒவ்வொருவர் எழுந்ததும் நான் துடைத்தேன். எதிர்க்கடை வரிசை ஓடியது. என் வரிசையும் ஓடியது, அங்கே.

அவள் முறை வந்தபோது கலசம் மட்டும் தெரிந்தது. “கொஞ்சம் பொறு பாப்பா” என்று திரும்பினேன். அக்கா மட்டும் நின்றாள்.

“அவ எங்கக்கா?”

“அப்பவே எதுத்தாப்புல போயிட்டாடா. ஆயிரத்து நாப்பதாம்.”

செல்வமே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் பழக்கதோஷத்தில் அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

“என்னடா பண்ற? அந்தப் படத்த மிஷினே ஒருதடவ எடுத்து வச்சுக்கும்டா. அடுத்த ஆளுக்கு அதயே காட்டும். மார்க்கு மட்டும்தான் புதுசா வரணும்.”

“கஸ்டமர் உக்கார்ற எடம் சுத்தமா இருக்கணும்ல” என்றேன்.

“கட வச்ச இந்த ஒரு வருஷமாவா தொடச்ச?”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் சொன்னது எனக்கு அப்போது ஏறவில்லை. தேன்மொழி அவன் பக்கத்தில் நின்று சிரித்ததுதான் எரிந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் எது தாமதமானாலும், “இருங்க, மாமா தொடச்சிட்டிருக்காரு” என்பாள் தேன்மொழி.

ரிசல்ட்டுக்கு மறுநாள் அக்கா ஸ்வீட் பாக்ஸோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முதலில் எதிர்க்கடைக்குள் போனாள்.