யவனனுக்கு மீசை கிடையாது

நியாயத்தை நீங்களே கேளுங்க.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம ஜனங்க எப்படிச் சமைச்சாங்க, எப்படித் தூங்கினாங்கன்னு டி.வி.யில ஒரு தொடர் வருது. அடுத்த பகுதி, ரோமாபுரியிலேருந்து யவன வியாபாரிங்க நம்ம ஊர் அரிக்கமேட்டுல வந்து இறங்கின கதை. வேஷம் கட்ட ஆள் தேடி ஒரு கூட்டம் உப்பளம் பேட்டையில எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சது. என் மீசையைப் பார்த்ததும் "நீங்கதான் துறைமுகக் காவலன்"னாங்க. பதினெட்டு வருஷம் எண்ணெய் போட்டு வளர்த்த மீசை. அத்தோட போயிருக்கலாம். என் பொண்டாட்டி சந்திரகலாவைப் பார்த்து, "நீங்க நெல்லு குத்துவீங்களா?"ன்னு கேட்டாங்க.

அவ மூஞ்சி பல்பு மாதிரி எரிஞ்சது. எனக்கு வயிறு எரிஞ்சது.

அவங்க போனதும் ஆரம்பிச்சேன்.

"குடும்பப் பொம்பளை கேமரா முன்னாடி உலக்கை புடிக்கறதா?"

"வீட்ல புடிக்கலையா?"

"வீடு வேற. இதை ஊரே பார்க்கும்."

"ஊரு உங்களைப் பார்க்கலாமா?"

"நான் ஆம்பளை. இந்த மீசை என் மூஞ்சில இருக்கற வரைக்கும் நீ அந்த வேன்ல ஏற முடியாது."

"சரிங்க"ன்னுட்டா.

பதினாறு வருஷக் குடித்தனத்துல அவ இவ்வளவு சீக்கிரம் சரின்னதே இல்லை. அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும். ஜெயிச்ச சந்தோஷத்துல ரெண்டு இட்லி கூடத் தின்னேன்.

மறுநாள் காபியோட வந்தா.

"ஏங்க, காவலன் எங்க நிப்பான்?"

"வாசல்ல."

"வெயில்லயா?"

"காவலன்னா வெயில்லதான்."

"யவன வியாபாரி?"

"பந்தல்ல. நடுவுல. திராட்சை தின்னுக்கிட்டு."

"உங்க மூக்குக்கு அதில்ல பொருத்தம்? பக்கத்து வீட்டு ஷாஜாதி அக்காகூடச் சொன்னாங்க. ஆனா யவனனுக்கு மீசை கிடையாதாம். அது உங்களால முடியாது, விடுங்க."

முடியாதாம். யாரைப் பார்த்து? படம் எடுக்கற அன்னிக்கு மில்லுக்கு லீவு போட்டுட்டு, விடியக் காலையில நம்ம பாவாடை அண்ணன் சலூனுக்குப் போய் வழிச்சுட்டு வந்தேன்.

வேன் வந்தது. படம் எடுக்கறவர் இறங்கி, "கலியபெருமாள் எங்கே?"ன்னு என்கிட்டயே கேட்டார்.

"நான்தான் சார். யவனனா வரேன்."

"யவனனுக்கு நிஜ வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்களே. உங்ககிட்ட நாங்க கேட்டது மீசையைத்தான்."

அது பாவாடை கடையில குப்பையோட கிடக்குது.

திரும்பிப் பார்க்கறேன். சந்திரகலா பின்கொசுவம் வச்சுச் சேலை கட்டி, வேன்ல ஜன்னலோரமா உக்காந்திருக்கா.

"எறங்குடி. நான் என்ன சொன்னேன்?"

"மீசை இருக்கற வரைக்கும்னு சொன்னீங்க"ன்னு என் மேலுதட்டைப் பார்த்தா. வேன் கிளம்பிடுச்சு.

இது அநியாயமா இல்லையா? கத்தலாம்னு வாயைத் திறந்தேன். எதிர் வீட்டு வடிவேல் ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். "அப்பா எப்ப தவறினார்?"

நம்ம ஊர்ல ஆம்பளை மீசையை எடுத்தா அப்பன் செத்துட்டான்னு அர்த்தம். நான் மறந்துட்டேன், தெரு மறக்கலை. எங்கப்பா முருகையன் இதே ஊர்ல, அந்தக் கோடியில கதிர்காமத்துல குத்துக்கல்லாட்டம் இருக்கார்னு சொன்னா, துக்கத்துல பெனாத்தறேன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க. பத்து மணிக்குள்ள பதினோரு பேர் மாலையோட வந்துட்டாங்க. வந்தவங்களை எப்படி விரட்டறது? அடுப்பைப் பத்த வச்சு அத்தனை பேருக்கும் காபி போட்டேன்.

உப்பளத்து மகன் வீட்ல சாவுன்னு கதிர்காமத்துக்கும் சேதி போயிருக்கு. செத்தது யாருன்னு மட்டும் போகலை. பன்னெண்டு மணிக்கு எங்கப்பாவே அலறியடிச்சுக்கிட்டு ரிக்‌ஷால வந்து இறங்கினார்.

கூட்டத்தைப் பார்த்தார். மாலைங்களைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். நான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லி அழுதேன். மருமகளை நாலு வார்த்தை திட்டுவார்னு நம்பினேன். அவர் சாவகாசமா உக்காந்து, நான் நீட்டின காபியை ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழே வச்சார்.

"சந்திரகலா எப்படா வரும்? இதைக் குடிச்சா நெசமாவே போயிடுவேன் போலருக்கு."