மனசு பிராண்டின் பார்ட்னர்

திருப்பூரில் அவரிடம் பேச்சுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்தவர் கிடையாது. யாராவது "தலை வெடிக்குது" என்றால் இரண்டடி தள்ளி நிற்பார். எதைச் சொன்னாலும் "அப்படின்னா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் பெயரே 'அப்படின்னா' ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. நான் டெஸ்பேட்ச் கிளார்க். அவர் செக்கிங், தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒருமுறை சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார் என்றதும் முதலாளி உத்தரவு போட்டார்: "நாளைக்கு எல்லாரும் கண்ணுல வெளக்கெண்ணெய உட்டுக்கிட்டுப் பாக்கோணும்!"

மறுநாள் அப்படின்னா நிஜமாகவே விட்டுக்கொண்டு வந்தார். கண் இரண்டும் தக்காளி. தாரை தாரையாக நீர். பையர் பதறிப்போய், ஆட்களை அடிக்கிறீர்களா என்று முதலாளியை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எதுக்குன்னு கேட்டேனுங்க. சொன்னதச் செய்யின்னாருங்க" என்றார் அப்படின்னா.

சிரிப்பில்லாத பக்கமும் இருந்தது. ஓவர்லாக் தையல் மிஷின்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தால் அவருக்குத் தாங்காது. காதில் துண்டுத் துணியை அடைத்துக்கொண்டு டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார். பேய் என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் மற்றவர்கள். "இந்த ஷிப்மென்ட் போகட்டும், ஆள நிறுத்திப்போடலாம்" என்று முதலாளி என்னிடமே சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஆட்டிசம் என்று ஒன்று உண்டு, குழந்தைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அதே குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அவர்கள் மனம் என்ன பாடுபடுகிறது என்று ஆராயப் போகிறேன் என்றார். நம் ஆளைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மனசு பாரமா இருக்குங்களா?" என்று ஆரம்பித்தார்.

"எடை போட்டதில்லீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதுக்குத்தானுங்க உங்களத் தேடி வந்தேன். நான் கேக்க, நீங்க சொல்றதுங்கற ஆராய்ச்சி வேண்டாம். எதை ஆராயணும்னே நாம சேந்து முடிவு பண்ணலாம். நீங்க என்னோட பார்ட்னர்."

"பாதிக்குப் பாதிங்களா?"

"பாதிக்குப் பாதி."

"அப்பிடின்னா நாங்க ஏன் நாலு பேர்கூடக் கலக்கறதில்லைங்கறது இருக்கட்டுங்க. எங்களுக்குத் தூக்கம் ஏன் வர்றதில்லைன்னு பாப்போம்."

"சரி, தூக்கம்" என்றார் டாக்டரம்மா.

வேறு ஊராக இருந்தால் விஷயம் இதோடு போயிருக்கும். திருப்பூரில் 'பார்ட்னர்' என்றால் ஒரே அர்த்தம்தான். சாயங்காலத்துக்குள், அப்படின்னா தனிக் கம்பெனி போடுகிறார் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. நூல் வியாபாரி சாம்பிளோடு வந்தார். பெண் கொடுக்கப் பல்லடத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"ஏப்பா, என்ன ஐட்டம்?"

"மனசுங்க."

"பிராண்டு பேரே புடிச்சாச்சா! எத்தன மிஷினு?"

"மிஷின் சத்தமே கூடாதுங்கறதுதான் மொத முடிவுங்க."

"கைத் தையலா!" முதலாளி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மீட்டிங் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வகுப்பறையில் விளக்கில்லை, ஃபேன் இல்லை. டாக்டரம்மா, அப்படின்னா, சாமளாபுரத்தில் தறி ஓட்டும் ஜமீலாக்கா மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஜமீலாக்காவுக்கும் ஆட்டிசம், அவரும் ஒரு பார்ட்னர்.

"ஏனுங்க, வாத்தியாரு ஏதாச்சும் தண்டன குடுத்துட்டாருங்களா?" என்றார் முதலாளி.

"மூஞ்சியப் பாத்தா எங்களுக்குப் பேச்சு வராதுங்க" என்று ஜமீலாக்கா சுவரிடம் பதில் சொன்னார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "படுத்தாலும் தறிச் சத்தம் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குதுங்க. ஊட்ல சொன்னா, பைத்தியம்பாங்க."

"எனக்கு ஓவர்லாக்குங்க" என்றார் அப்படின்னா. பிறகு, "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேனுங்க" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

முதலாளி மெதுவாகப் போய், மிச்சமிருந்த நாலாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "எனக்குங்கூடத் தூக்கம் இல்லீங்க."

"உங்களுக்கு ஷிப்மென்ட்டுங்க. இதுல சேராது" என்றார் அப்படின்னா.

மறுநாள் செக்கிங் டேபிள் பின்பக்கத்துக் குடோனுக்கு மாறியது. மிஷின் சத்தம் எட்டாத இடம். நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது. இருந்தாலும், மனசு பிராண்டு மார்க்கெட்டுக்கு வந்தால் முதலில் தனக்குச் சொல்லும்படி நூல் வியாபாரியிடம் முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

கோயமுத்தூரில் பெரிய டாக்டர்கள் முன்னால் டாக்டரம்மா ஆராய்ச்சியைப் படித்தபோது, பார்ட்னர்கள் இருவரும் மேடையிலேயே இருந்தார்கள், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பிறகு ஒரு நாள் எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள், சந்தோஷம் என்றார்கள். குடோனுக்குப் போய் அவரிடமும் சொன்னேன்.

"நீங்க போறது எனக்குப் புடிக்கலீங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த பனியனை எடுத்து விரித்தார்.

வெளியே வந்த எனக்கு சைக்கிள் பூட்டைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.