கட்டைவிரலாரின் பலப்பட்டியல்

சார்ஜர் பழுது பார்க்கும் கடை அது. பத்தடிக்கு எட்டடி. சனிக்கிழமை காலையில் அதன் வாசலில் நூறு பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். எதிர்ச் சாரியில் இருந்த பல் மருத்துவர் ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விடுவார். நிஜமாக வலிக்கிறவன்கூட அவரிடம் இத்தனை ஆசையாக வந்ததில்லை.

வரிசையில் நின்றவர்களுக்கு வலி ஒன்றுமில்லை. கைப்பேசியில் ஆடும் சண்டை விளையாட்டில் எந்த வீரனுக்கு எவ்வளவு பலம் என்று கேட்க வந்திருந்தார்கள். விளையாட்டில் மொத்தம் பத்து வீரர்கள். புயல்வாள், எரிகல், இரும்பு நரி, பனிப்பல் என்று பெயரைச் சொன்னாலே மீசை துடிக்கிற மாதிரி ஒன்பது பேர். பத்தாவதாக ஒரு வாளிக்காரி. தலையில் துண்டு, கையில் தகர வாளி. விளையாட்டைச் செய்தவன் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தானோ தெரியவில்லை.

இந்தப் பத்துப் பேருக்கும் வாராவாரம் பலம் ஏறி இறங்குவதாகவும், அதைத் தன் வலது கட்டைவிரல் அறியும் என்றும் கடைக்காரர் கண்டுபிடித்திருந்தார். அதனால் அவர் பெயர் கட்டைவிரலார். போன வருஷம் வரை அவரிடம் கொடுத்த சார்ஜரில் பாதி திரும்பி வந்தது. மீதி திரும்பி வரவேயில்லை. அந்த விரலுக்குத்தான் இப்போது ஞானம் வந்திருந்தது.

முறை ரொம்பச் சுத்தம். நீங்கள் உங்கள் வீரனைத் தேர்ந்து திரையில் நிறுத்தி, கைப்பேசியைக் கட்டைவிரலாரின் மச்சானிடம் கொடுக்கவேண்டும். மச்சான் அதைக் கறுப்புத் துணியில் சுற்றி ஐயாவிடம் நீட்டுவான். ஐயா கண்ணை மூடியிருப்பார். துணிமேல் கட்டைவிரலை வைப்பார். உடம்பு ஒரு குலுக்கு குலுக்கும். "எரிகல்! மூணாம் தட்டு!" என்பார். துணியைப் பிரித்தால் எரிகல் நிற்பான். கூட்டம் "ஆ!" என்று வாயைத் திறக்கும். பல் மருத்துவருக்கு அதுவும் இன்னொரு வேதனை.

பிறகு ஐயா பலகையில் சாக்பீஸால் பத்துத் தட்டுகளை எழுதுவார். மேலே இருப்பவன் அந்த வாரத்துப் பலசாலி. கீழே இருப்பவனைத் தொட்டால் அணியோடு அழிவு. கீழே இருப்பவனை மேலே ஏற்ற வழியே இல்லையா என்றால், உண்டு. 'பலப்பை' என்று ஒரு துணிப்பை விற்றார். கைப்பேசியை அதற்குள் ஒருநாள் போட்டு வைத்தால் இரண்டு தட்டு ஏறும். பையின் விலை ஒருநாள் கூலி. பையாக ஆகுமுன் அது பழைய ஜன்னல் திரை.

வரிசையின் முதல் ஆளாக எப்போதும் நின்றவர் சரக்குக் கிடங்கின் முதல் அணி மேஸ்திரி. இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிய மாத்திரத்தில் "இது அம்பது இல்ல, நாப்பத்தெட்டு" என்று சொல்லிவிடுவார். அனுப்பியவன் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் நம்பமாட்டார்; தானே தூக்கிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் கட்டைவிரலாரிடம் மட்டும் எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. மூன்று பலப்பை வாங்கியிருந்தார்.

இந்த வருஷம் அவருக்குப் பக்தி முற்றியதற்குக் காரணம் மழை. கிடங்கில் சரக்கு ஏற்றும் மேடைகள் இரண்டு. ஒன்றுக்குக் கூரை உண்டு, இன்னொன்றுக்கு வானம்தான். மழைக்காலம் முழுக்கக் கூரை மேடை எந்த அணிக்கு என்பதை வருஷாவருஷம் ஒரு போட்டி வைத்து முடிவு செய்வார்கள். போன வருஷம் கைமல்யுத்தம். நாலு மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் சரக்கு தேங்கியதால், இந்த வருஷம் கைப்பேசி விளையாட்டு என்று மேலாளர் சொல்லிவிட்டார். அணிக்கு ஐந்து பேர். ஒருவருக்கு ஒருவராக ஐந்து ஆட்டம். போன மழையில் மேஸ்திரியின் அணி வானத்துக்குக் கீழே நின்றது. நனைந்த மூட்டை இரண்டு மடங்கு கனம். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், நடக்கும்போது நண்டு நடப்பதுபோல நடந்தார்கள்.

அணியில் நன்றாக ஆடுகிறவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேஸ்திரியின் மனைவிதான். கிடங்கின் எடை மேடையில் உட்கார்ந்திருக்கும் எடைக்காரி. அவள் ஆடுவது வாளிக்காரியை வைத்து.

அந்தச் சனிக்கிழமை பலகையில் பத்தாம் தட்டில், மூன்று கோடு போட்டு, வாளிக்காரி என்று எழுதியிருந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்றான் அணியில் இருந்த நெட்டையன், தலையைச் சொறிந்துகொண்டே. "அண்ணி நல்லா ஆடுறாங்க, இல்லேங்கல. ஆனா ஐயா விரலே வாளிக்காரியைத் தொட்டதும் சுருங்கிப்போச்சே. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டா."

"அண்ணியை வீரனை மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா ஆளை மாத்துங்க. இன்னொரு மழைக்காலம் என் காலு தாங்காது."

மேஸ்திரி வீட்டுக்குப் போனார். மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். மூட்டையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியாதவர்போல நின்றார்.

"சொல்லித் தொலைங்க," என்றாள் அவள், திரும்பாமலே.

"இல்ல... இந்த வாரம் வாளிக்காரிக்குப் பலம் இல்லையாம்."

"நேத்துத்தான் அவளை வச்சு நெட்டையனை நாலு தடவை அடிச்சேன். அப்ப இருந்த பலம் எங்க போச்சு? கடைக்குப் போயிருக்கா?"

"ஐயா துணிக்குள்ள இருக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டே சொல்றாரே! அதுக்கு என்ன சொல்ற?"

"போன வாரம் நானும் கூட வந்தேன்ல? மச்சான் டீ வாங்கப் போனான். உங்க ஐயா என்ன பண்ணினார்?"

மேஸ்திரி யோசித்தார். "தியானத்துல உக்காந்துட்டார்."

"மச்சான் வந்ததும்?"

"தியானம் முடிஞ்சுது."

"டீ வந்தாத்தான் ஐயாவுக்குச் சக்தி வரும்போல." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, இத விடுங்க. என் தராசு சரியாக் காட்டுதான்னு சந்தேகம் வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒரே பெட்டிக்கு வேற வேற சீட்டு ஒட்டி திரும்பத் திரும்ப வைப்ப. எடை மாறினா தராசு பொய்னு தூக்கிப் போடுவ. அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல ஐயாவை எடை மேடைக்கு வரச்சொல்லுங்க. ரெண்டு அணிக்கும் பலம் பாத்துச் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டார்னா நானே விலகிக்கிறேன். நீங்க வாயைத் திறக்கவே வேணாம்."

கூரையையும் காப்பாற்றி, மனைவியிடம் வாங்கிக்கட்டிக் கொள்ளாமலும் தப்பிக்க இதைவிட நல்ல வழி மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை. மேடையில் ஏறும் ஆட்கள் கைப்பேசியை எடைக்காரியின் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும். கவனம் சிதறி யார் காலிலாவது மூட்டையைப் போடக்கூடாது என்பதற்காக அந்தச் சட்டம். மேஸ்திரி தன் கைப்பேசியை நீட்டியபோது அவள் காதருகே குனிந்தாள்.

"உங்க போன்ல வாளிக்காரியை நிறுத்தி வைங்க. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. ஐயாவுக்கு ஒரு சின்னப் பரீட்சை."

அவர் அப்படியே செய்தார். மகானைச் சோதிக்கிற பாவம் தன்மேல் விழுமோ என்று கலங்கி, யாரும் பார்க்காதபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கட்டைவிரலார் வந்தார். பின்னால் மச்சான், தோளில் இருபது பலப்பை. இரண்டு அணியும் அவர்களோடு லாரி ஓட்டுநர்களுமாக எடை மேடையைச் சுற்றி ஒரு மந்தை. மேடைமேல் பத்துப் பொட்டலங்கள். எடைக்காரி பத்து ஆட்டக்காரர்களின் கைப்பேசிகளையும் சாக்குத் துணியில் சுற்றி, நாடா ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு வைத்திருந்தாள்.

மச்சானுக்கு முகம் சுருங்கியது. "சுத்துறது என் வேலையாச்சே!"

"கட்டுறதும் சுத்துறதும் எங்க வேலைதான் தம்பி. நீ நிழல்ல உக்காரு."

கட்டைவிரலார் பொட்டலங்களைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "இன்னைக்குக் காத்துல ஈரம் அதிகம். விரலுக்கு ஓட்டம் இருக்காது," என்றார்.

அப்போது அவரைக் காலி செய்தவர் எடைக்காரி அல்ல. அவருடைய பரம பக்தரான இரண்டாம் அணி மேஸ்திரி.

"ஐயாவுக்கா ஓட்டம் இருக்காது? ஐயா தூக்கத்துலகூடச் சொல்வார்யா! யாரைப் பாத்து என்ன நினைச்சீங்க? ஐயா, வைங்க விரலை! இந்தப் பொம்பள மூஞ்சியில கரியைப் பூசுங்க!"

கூட்டம் கைதட்டியது. பக்தர்கள் கைதட்ட ஆரம்பித்தால் மகானால் ஓடமுடியாது. கட்டைவிரலார் கண்ணை மூடி முதல் பொட்டலத்தின்மேல் விரலை வைத்தார். மேஸ்திரியின் கைப்பேசி அது.

"ஆஹா! கை சிலிர்க்குது! புயல்வாள்! முதல் தட்டு!"

மேஸ்திரி பொட்டலத்தை உற்றுப் பார்த்தார். புயல்வாளா? காலையில் வாளிக்காரியைத்தானே நிறுத்தினேன்? ஐயா தப்பாகச் சொல்வாரா என்ன! என் கை தவறி வேறு எதையோ அழுத்தியிருக்கும். இல்லையென்றால் கைப்பேசியே கோளாறு. வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"ரெண்டாவது... இரும்பு நரி. நாலாம் தட்டு."

நெட்டையன் திடீரென்று இருமினான்.

"மூணாவது, எரிகல்! நெருப்பு, நெருப்பு!" ஐயா விரலை உதறி ஊதிக்கொண்டார். பக்கத்தில் ஒருவன் முகம் வெளுத்துத் தன் கையைத் தானே பார்த்தான். ஐந்தாவதற்கு 'பனிப்பல்' என்று சொல்லி ஐயா நடுங்கியபோது, இரண்டாம் அணி மேஸ்திரியும் பல்வலிக்காரர்போலத் தாடையைப் பிடித்துக்கொண்டார். என்ன இது, ஆளாளுக்குப் பேயறைந்த மாதிரி நிற்கிறார்கள் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. ஐயாவுக்கோ சூடு பிடித்துவிட்டது. பத்துக் கைப்பேசி, பத்து வீரர்கள். ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டே போனார். கடைசிப் பொட்டலத்தைத் தொட்டதும் விரலைச் சட்டென்று இழுத்தார்.

"ச்சீ! வாளிக்காரி. கையே கூசுது. பத்தாம் தட்டு!"

"சரி! சரியாச் சொல்லிட்டார்!" என்று இரண்டாம் அணியிலிருந்து ஒருவன் துள்ளிக் குதித்தான். "என் போன்ல வாளிக்காரிதான்! அக்கா ரகசியமா வைக்கச் சொன்னாங்க! ஐயா கண்டுபிடிச்சுட்டார்!"

"உன் போன்லயுமா?" என்றான் நெட்டையன்.

"ஏன், உன் போன்ல?"

எடைக்காரி கத்தியை எடுத்து நாடாவை அறுத்தாள். முதல் பொட்டலம், வாளிக்காரி. இரண்டாவது, வாளிக்காரி. மூன்று, நான்கு, ஐந்து... மேடைமேல் பத்துத் தகர வாளிகள் வரிசையாகப் பளபளத்தன. மற்ற ஒன்பது பேரிடமும் அவள் அதையே ரகசியமாகச் சொல்லியிருந்தாள்; பத்தாவது அவளுடையது. அவர்களில் எட்டுப் பேர் தங்கள் கைப்பேசியைச் சந்தேகப்பட்டார்கள், தங்கள் கையைச் சந்தேகப்பட்டார்கள், ஒருவன் தன் கண்ணையே சந்தேகப்பட்டான். விரலை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

முதலில் சிரித்தது ஒரு லாரி ஓட்டுநர். பிறகு கிடங்கே சிரித்தது. இரண்டாம் அணி மேஸ்திரி மட்டும் விடவில்லை. "பத்துல ஒண்ணு சரியாச் சொல்லியிருக்காரேய்யா!"

"நீங்க பத்து வீரன் பேரையும் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு வந்தா, உங்களுக்கும் ஒண்ணு சரியா வரும்ணே. விரலே தேவையில்ல," என்றாள் எடைக்காரி. பிறகு மச்சான் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ துணி சுத்தும்போது திரையைப் பாக்குற. பாத்துட்டு என்ன சொல்லி நீட்டுற?"

சுற்றி இருந்த தோள்களின் அகலத்தைப் பார்த்தான் மச்சான். உண்மை தானாக வந்தது. "'பாருங்க'ன்னா புயல்வாள். 'ஐயா பாருங்க'ன்னா எரிகல். செருமினா வாளிக்காரி. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, மாமாதான் மனப்பாடம் பண்ண வச்சாரு!"

"எல்லா போனும் சேந்து இருந்ததால பலம் கலங்கிப்போச்சு..." என்று ஆரம்பித்தார் கட்டைவிரலார். மேஸ்திரி அவரை இடுப்பில் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கி, எடை மேடையில் நிறுத்தினார்.

"எழுபத்திரெண்டு கிலோ," என்றாள் எடைக்காரி. "இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க."

ஏற்றினார்.

"எழுபத்திரெண்டு. பாருங்க ஐயா, இதுக்குக் கண்ணை மூடவே வேணாம்."

மூன்றாம் முறை ஏற்றுவதற்குள் ஐயா நழுவி வாசலைத் தாண்டிவிட்டார். பலப்பைகள் தரையில் கிடந்தன. ஒருவன் அதில் கை துடைத்தான். அதற்கு அது நன்றாகவே உதவியது.

வெள்ளிக்கிழமை போட்டி. இவ்வளவு நடந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் அணியில் ஐந்து பேரும் முதல் தட்டுப் புயல்வாளையே எடுத்தார்கள். எதிரில் நிற்பவன் அடுத்து என்ன செய்வான் என்று முதல் அணிக்கு இரண்டு ஆட்டத்திலேயே பழகிவிட்டது. ஆனாலும் நெட்டையனும் இன்னொருவனும் தோற்றார்கள். இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் எடைக்காரிக்கு. மேஸ்திரி பார்க்கமாட்டாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். வாளி மேலே சுழன்றது, கீழே இறங்கியது, புயல்வாளின் தலையில் டங்கென்று கவிழ்ந்தது. கூரை மேடை முதல் அணிக்கு.

மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேஸ்திரி கூத்தாடினார். "இறக்குங்க, இறக்குங்க, ஊரே பாக்குது!" என்று அவள் தலையில் குட்டினாள். அவருக்கு அது பூ விழுந்தது மாதிரி இருந்தது.

இறக்கிவிட்டதும்தான் அவர் பார்த்தார். எடைக்காரிக்கு முன்னால் ஒரு வரிசை. கையில் கைப்பேசிகளோடு முப்பது பேர். அத்தனை திரையிலும் வாளிக்காரி. வரிசையின் முதல் ஆள் இரண்டாம் அணி மேஸ்திரி.

"தங்கச்சி, நாங்க தெரியாம இருந்துட்டோம். வாளிக்காரிதான் முதல் தட்டுன்னு இப்பப் புரிஞ்சுது. உன் விரலால ஒருதடவை இந்தத் திரையைத் தொட்டுக் கொடும்மா."

அவருக்குப் பின்னால் நெட்டையன். அவனுக்கும் பின்னால், எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல், பழக்க தோஷத்தில் போய் நின்றிருந்தார் மேஸ்திரி.

எடைக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் தினமும் தோத்துத் தோத்துக் கத்துக்கிட்டேன். அது எப்படின்னு ஒருத்தர் கேக்கல. விரலைக் கேக்குறீங்க! தோள்மேல மூட்டை ஏத்துறீங்க, அது பொழைப்பு. அதே தோள்மேல இன்னொண்ணும் உருண்டையா இருக்கு பாருங்க, அதையும் பிரிக்காத மூட்டையாவே எத்தனை காலத்துக்குய்யா சுமப்பீங்க?"